ஆடி நாற்றுச் சந்தைக்கு வளர்க்கும் மிளகாய் சாய்கிறது, உதவுங்கள்

வணக்கம். கோவையில் எங்கள் குடியிருப்பில் பத்துப் பதினைந்து பேர் மொட்டைமாடியில் காய்கறி போடுகிறோம். ஆடி பிறந்ததும், அதாவது ஜூலை 17-க்குப் பிறகு வரும் ஞாயிறு காலை, அக்கம்பக்கத்தாருக்காக நாற்றுச் சந்தை வைக்கப் போகிறோம். போன வருடமும் வைத்தோம், நாற்றுகளை வெளியில் வாங்கி. நீளக் கத்தரி என்று கொடுத்தது உருண்டையாகக் காய்த்தது. இன்றைக்கும் லிஃப்டில் விசாரிக்கிறார்கள்!

அதனால் இந்த முறை நாங்களே தட்டுக்கு 98 குழி உள்ள நாற்றுத் தட்டுகளில், தென்னைநார்க் கழிவோடு மண்புழு உரம் கலந்து வளர்க்கிறோம். தக்காளி 25 நாளில் நடவுக்கு வந்துவிடும், மிளகாய்க்கு 40 நாள் வரை ஆகும் என்பதால் மிளகாயை ஜூன் முதல் வாரமே போட்டாயிற்று. அதுவரை சரி.

இப்போது முளைத்த மிளகாய்க் கன்றுகள் தண்டின் அடியில் நீர்கோத்துச் சாய்கின்றன. பார்த்தால் நாற்றழுகல் போலத்தான் இருக்கிறது. விதைக்கு டிரைகோடெர்மா விரிடி (நோயைத் தடுக்கும் நன்மை செய்யும் பூஞ்சை) கிலோவுக்கு 4 கிராம் கணக்கில் கலந்தோம் (எங்களிடம் இருந்ததே 10 கிராம் விதை, அதற்கு அளந்தது தனிக் கூத்து). காலை, மாலை இரண்டு வேளையும் தண்ணீர் தெளித்ததுதான் தப்போ? மீதித் தட்டுகளுக்கு சூடோமோனாஸ் (நோயைத் தடுக்கும் நன்மை செய்யும் பாக்டீரியா) ஊற்றலாமா, எந்த அளவில்? சாய்ந்ததைப் பிடுங்கினால் போதுமா, இல்லை தட்டையே ஒதுக்க வேண்டுமா?

அப்புறம், புடலை, பீர்க்கை வேர் கலையாமல் காகிதக் கப்பில் வளர்த்து விற்றவர்கள் இருந்தால், எத்தனை நாள் கன்றாகக் கொடுத்தீர்கள், என்ன விலை வைத்தீர்கள் என்று சொல்லுங்கள்.