பனியாற்றின் மேல் நடக்க ஒரு நாள் போதுமா? நியூசிலாந்துப் பயணத்திற்கு யோசனை தேவை

அங் மோ கியோ அப்பா:

அனைவருக்கும் வணக்கம். ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் நாங்கள் நால்வர் நியூசிலாந்தின் தென் தீவுக்கு ஒன்பது நாள் பயணம் போகிறோம்: நான், மனைவி, உயர்நிலை இரண்டில் படிக்கும் மகள், 64 வயதாகும் என் அம்மா. சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்திலிருந்து கிறைஸ்ட்சர்ச்சுக்கு நேரடி விமானத்தில் டிக்கெட் எடுத்தாகிவிட்டது. புவியியல் பாடத்தில் பனியாறுகளைப் பற்றிப் படித்த நாளிலிருந்து மகளுக்கு ஒரே பிடிவாதம். தூரத்தில் நின்று பார்த்தால் போதாதாம். அதன் மேல் ஏறி நடக்க வேண்டுமாம்.

காலை ஐந்து மணிக்குக் கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து வாடகைக் காரில் புறப்பட்டு, பகலில் ஃபிரான்ஸ் ஜோசப் பனியாற்றில் வழிகாட்டியுடன் நடந்துவிட்டு, இரவே விடுதிக்குத் திரும்பிவிடலாம் என்று நினைத்திருக்கிறோம். 2010-இல் போய்வந்த என் அலுவலக நண்பர், பள்ளத்தாக்கிலிருந்து நடந்தே பனியின் மேல் ஏறியதாகவும் செலவு அப்படி ஒன்றும் ஆகவில்லை என்றும் சொல்கிறார். ஆனால் இப்போது இணையத்தில் தேடினால் எல்லா நடையும் ஹெலிகாப்டரோடுதான் வருகிறது. நான்கு பேருக்குக் கணக்குப் போட்டால் தலை சுற்றுகிறது. ஹெலிகாப்டர் இல்லாமல் வழியே இல்லையா? அம்மாவுக்கு இடது முழங்காலில் தேய்மானம் உண்டு. எங்கள் புளோக்கில் மின்தூக்கி பழுதானால் எட்டாம் மாடிக்கு ஏறுவதற்குள் நான்கு இடத்தில் நின்று விடுவார். அவரையும் அழைத்துப் போகலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.


மெக்ரிட்சி நடையர்:

உங்கள் நண்பர் சொன்னது பொய்யில்லை, ஆனால் அவர் நடந்த பாதை இன்று இல்லை. நான் அங்கே 2011-இல் நடந்து ஏறினேன். 2023-இல் ஹெலிகாப்டரில் போனேன். இடையில் நடந்தது இதுதான்: பனியாறு வேகமாகப் பின்வாங்கியதில் அதன் முகப்பு செங்குத்தாகி, அடிக்கடி சரிந்து விழத் தொடங்கியது. கீழேயிருந்து ஏறுவது ஆபத்து என்று 2012-இல் ஃபிரான்ஸ் ஜோசப்பிலும், 2014-இல் பக்கத்திலுள்ள ஃபாக்ஸ் பனியாற்றிலும் நடந்து ஏறும் சுற்றுலாவை நிறுத்திவிட்டார்கள். ஆகவே இவ்விரண்டிலும் பனியின் மேல் கால் வைக்க வேண்டுமென்றால் வானத்திலிருந்து இறங்குவதைத் தவிர உங்களுக்கு வேறு வழியில்லை. ஹெலிகாப்டரில் இருப்பது சில நிமிடங்கள்தான். பனியின் மேல் ஏறக்குறைய மூன்று மணி நேரம் நடக்கலாம்.

ஒரே நாளில் போய்த் திரும்பும் எண்ணத்தை மட்டும் தயவுசெய்து கைவிடுங்கள். ஆர்தர்ஸ் பாஸ் மலைப்பாதை வழியாக ஒரு திசைக்கே ஐந்து மணி நேரத்திற்கு மேல் ஆகும். அங்கேயும் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள், நம் ஓட்டுநர் உரிமமும் செல்லும், அதில் சிக்கல் இல்லை. ஆனால் மேற்குக் கரையில் ஒரே தடம் உள்ள பாலங்கள் பல. எதிரே வருபவருக்கு வழிவிட வேண்டுமா, நமக்கு முன்னுரிமையா என்பதைப் பலகையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். நம் சிங்கப்பூரின் தீவு விரைவுச்சாலையில் ஓட்டிப் பழகிய கையோடு, பத்து மணி நேர விமானப் பயணக் களைப்பில், இருட்டில் அந்தச் சாலையில் திரும்பி வருவதை நான் செய்ய மாட்டேன்.

அதைவிடப் பெரிய காரணம் வானிலை. டாஸ்மன் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று நேராகத் தென் ஆல்ப்ஸ் மலைத்தொடரில் மோதுவதால், பனியாற்றுக்கு அருகிலுள்ள ஃபிரான்ஸ் ஜோசப் என்ற சிற்றூரில் ஆண்டுக்குச் சுமார் 5,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. நம் சிங்கப்பூரில் 2,100 சொச்சம். அந்த ஈரம்தான் மேலே பனியாக விழுந்து பனியாற்றுக்குத் தீனி போடுகிறது. பரந்த மேட்டில் சேரும் பனி குறுகலான, செங்குத்தான பள்ளத்தாக்கில் நெருக்கித் தள்ளப்படுவதால் அது நகரும் வேகமும் அதிகம். 1943-இல் அதன் மேல் விழுந்த ஒரு விமானத்தின் சிதைவுகள் ஆறரை ஆண்டுகளில் மூன்றரை கிலோமீட்டர் கீழே வந்து சேர்ந்தன என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். நேற்று வெட்டிய படி இன்று இருந்த இடத்தில் இருக்காது. வழிகாட்டி முன்னால் போய்ப் பனிக்கோடரியால் கொத்திப் படி அமைக்க, நாம் பின்னால் காத்திருந்து ஏற வேண்டும்.

மேகம் இறங்கினால் ஹெலிகாப்டர் பறக்காது. டிசம்பரில் ஒன்பது மணி வரை வெளிச்சம் இருந்தாலும் மழையும் அப்போது தாராளம். குளிர்காலத்தில்தான் வானம் பெரும்பாலும் தெளிந்திருக்கும். எனவே ஊரிலேயே மூன்று இரவு தங்குங்கள். முதல் நாள் காலை முதல் சுற்றுக்கே பதிவு செய்யுங்கள். அது ரத்தானால் மறுநாளுக்கு மாற்ற இடம் இருக்கும்.


தேக்கா அக்கா:

தம்பி, மேலே அவர் சொன்ன மூன்று இரவை நான் வழிமொழிகிறேன், ஏனென்றால் நாங்கள் ஒரே ஒரு இரவு தங்கி ஏமாந்தவர்கள். காலை எட்டு மணிக்குப் போய் எடை பார்த்து (ஹெலிகாப்டரில் யார் எங்கே உட்கார வேண்டும் என்பதை எடையை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள்; கூச்சப்பட்டுக் குறைத்துச் சொல்லிப் பயனில்லை), பூட்ஸ் மாட்டி, கிராம்பான் (பனியில் வழுக்காமல் இருக்கப் பூட்ஸின் அடியில் மாட்டும் இரும்பு முள்) பையை இடுப்பில் கட்டி, பாதுகாப்பு விளக்கத்தையும் கேட்டு முடித்தோம். பிறகு ஒரு மணி நேரம் வாசலில் நின்று மேகத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்ததுதான் மிச்சம். ரத்து என்றார்கள். பிற்பகல் சுற்றும் ரத்து. பணம் முழுவதும் திரும்ப வந்தது, ஆனால் மறுநாள் குயின்ஸ்டவுனில் அறைக்குப் பணம் கட்டியிருந்ததால் கிளம்பிவிட்டோம். இரண்டு ஆண்டு கழித்து மறுபடியும் போய்த்தான் பனியை மிதித்தேன்.

உடைக்கு வருவோம். பூட்ஸ், கிராம்பான், மழைச்சட்டை, கையுறை எல்லாம் அவர்களே தருவார்கள்; நீங்கள் கொண்டுபோக வேண்டியது உள்ளே போடுவதைத்தான். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். பருத்தி நனைந்தால் காயாது, உடம்போடு ஒட்டிக்கொண்டு குளிரை இழுக்கும். மெல்லிய கம்பளி அல்லது பாலியஸ்டர் உள்ளாடை, அதன் மேல் ஃப்லீஸ், தடித்த கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி போதும். கறுப்புக் கண்ணாடியும் சூரியக் களிம்பும் மறக்காதீர்கள். பனியிலிருந்து எதிரொளிக்கும் வெயிலில் என் மூக்கின் அடிப்பக்கம்கூடக் கறுத்துப் போனது. ஊருக்குள் சேண்ட்ஃப்ளை என்ற குட்டிப்பூச்சி கடிக்கும். நம் ஊர்க் கொசு அதற்கு முன்னால் பரமசாது.

கிராம்பான் போட்டு நடப்பது எப்படி என்று மகளிடம் இப்போதே சொல்லிவையுங்கள். குதிகாலை முதலில் ஊன்றக்கூடாது, பாதம் முழுவதையும் ஒரே நேரத்தில் அழுத்தி வைக்க வேண்டும்; கால்களைச் சற்று அகட்டி நடக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு காலின் முள் மறு காலின் கால்சட்டையில் மாட்டி முகம் குப்புற விழ வேண்டியதுதான். அவர்கள் தந்த மழைக்கால்சட்டையில் இரண்டு விரல் நீளத்திற்குக் கிழித்துவிட்டு வழிகாட்டியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே ஏற்கெனவே ஒட்டுப்போட்டிருந்த ஏழெட்டு இடங்களைக் காட்டினார்.

அம்மாவை நடைக்கு அழைத்துப்போகாதீர்கள் என்பதே என் கருத்து. ஏறுவதைவிட இறங்குவதுதான் முழங்காலைப் பதம் பார்க்கும்; படியின் உயரம் ஒன்றுபோல் இருக்காது; பாதியில் முடியாது என்றால் குழு முழுவதும் நிற்க வேண்டும்.


ரேக்யவிக் நினைவுகள்:

அண்ணா, நீங்கள் முதலில் கேட்டதைப் போல உண்மையாகவே ஒரே நாளில் போய், ஹெலிகாப்டர் இல்லாமல் நடக்க வேண்டுமென்றால் அதற்கு ஐஸ்லாந்து இருக்கிறது. படிக்கும் காலத்தில் சோல்ஹைமயோகுல் பனியாற்றுக்குப் போனேன். தலைநகர் ரேக்யவிக்கிலிருந்து பேருந்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். கார் நிறுத்துமிடத்திலிருந்து நடந்தே பனியை அடையலாம், மாலையில் ஊர் திரும்பிவிடலாம். பனிக்குள் எரிமலைச் சாம்பல் கறுப்புக் கறுப்பாய் அடுக்கடுக்காகத் தெரியும். டிக்கெட் எடுத்துவிட்ட உங்களுக்கு இது பயன்படாது என்று தெரியும். வேறு யாராவது இதே கேள்வியோடு வந்தால் உதவட்டும் என்று எழுதுகிறேன்.


உட்லண்ட்ஸ் தாத்தா:

எல்லோரும் மழையைப் பற்றியே பேசுகிறீர்கள். பாதுகாப்பைப் பற்றி ஒரு வார்த்தை. 2015 நவம்பரில் ஃபாக்ஸ் பனியாற்றின் மேல் ஒரு சுற்றுலா ஹெலிகாப்டர் விழுந்து, விமானி உட்பட ஏழு பேரும் இறந்தார்கள். 2009 ஜனவரியில் அதே பனியாற்றின் முகப்பில், தடுப்பைத் தாண்டிப் படம் எடுக்கப் போன சகோதரர்கள் இருவர் மேல் பனி சரிந்து விழுந்தது, இருவரும் பிழைக்கவில்லை. பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. ரத்து என்று சொல்லும் வழிகாட்டியிடம் கோபப்படாதீர்கள், வாதாடாதீர்கள். எவ்வளவு தொலைவிலிருந்து வந்திருக்கிறோம் தெரியுமா என்று கேட்காதீர்கள். நம் ஆட்கள் இதைச் செய்வதை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன்.

பயணக் காப்புறுதிப் பத்திரத்தையும் வரிவரியாகப் படியுங்கள். கயிறோ வழிகாட்டியோ தேவைப்படும் மலையேற்றத்திற்குக் காப்பு இல்லை என்று சிறிய எழுத்தில் போட்டிருக்கும் பத்திரங்கள் உண்டு. பனியாற்று நடை அதில் அடங்குமா என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். விபத்தில் காயம்பட்டால் சுற்றுப்பயணிக்கும் சிகிச்சைச் செலவில் உதவும் ஒரு திட்டம் நியூசிலாந்து அரசிடம் இருக்கிறது. ஆனால் நோய்வாய்ப்பட்டாலோ, பயணம் தடைபட்டாலோ, படுத்த படுக்கையாகச் சிங்கப்பூருக்குக் கொண்டுவர வேண்டியிருந்தாலோ அது கைகொடுக்காது.

அம்மா எந்தக் கடப்பிதழ் வைத்திருக்கிறார்? சிங்கப்பூர்க் குடிமக்கள் மின்னணுப் பயண அனுமதி மட்டும் எடுத்தால் போதும். அதோடு சுற்றுப்பயணி வரியாக ஆளுக்கு 100 நியூசிலாந்து டாலர் கட்ட வேண்டும். அவர் இந்தியக் கடப்பிதழ் வைத்துள்ள நிரந்தரவாசி என்றால் தனியாக விசா எடுக்க வேண்டும். அதை இந்த வாரமே தொடங்குங்கள்.


அங் மோ கியோ அப்பா:

அனைவருக்கும் மிக்க நன்றி. தாத்தா சொன்னது சரியான இடத்தில் பட்டது. அம்மா இந்தியக் கடப்பிதழ்தான், விசாவைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. இன்று மாலையே விண்ணப்பத்தைத் தொடங்கிவிட்டோம். அம்மாவை விடுதியில் தனியாக விட்டுவிட்டு நாங்கள் மட்டும் மேலே போவது மனத்துக்கு ஒப்பவில்லை. அவர் பனியைத் தொட்டுப் பார்க்க ஏதாவது வழி உண்டா?


மெக்ரிட்சி நடையர்:

உண்டு. நடை இல்லாத ஹெலிகாப்டர் சுற்று ஒன்று இருக்கிறது. மலைச்சிகரங்களைச் சுற்றிக் காட்டிவிட்டு, மேலே பனிமேட்டில் இறக்கிச் சில நிமிடங்கள் நிற்க விடுவார்கள். கிராம்பான் வேண்டாம், ஏற்றம் இறக்கம் இல்லை, இருபது முப்பது நிமிடத்தில் முடிந்துவிடும். அம்மாவுடன் நீங்களோ மனைவியோ அதில் போகலாம். மற்றவர் மகளோடு நடக்கலாம். நான்கு பேரும் நடைக்குப் போவதைவிடச் செலவும் குறையும்.

மேற்குக் கரையில் மூன்று நாளும் மழை பிடித்துக்கொண்டால் மனத்தைத் தளரவிடாதீர்கள். மலையின் மறுபக்கம் அயோராக்கி மவுண்ட் குக் கிராமத்திற்குப் போய்விடுங்கள். மேகம் பெரும்பகுதியை மேற்கேயே பொழிந்துவிடுவதால் அந்தப் பக்கம் மழை சற்றுக் குறைவு. நாட்டிலேயே நீளமான டாஸ்மன் பனியாறு அங்கேதான் இருக்கிறது. அதிலும் ஹெலிகாப்டர் நடை உண்டு. அதன் கீழே பனி உருகித் தேங்கிய ஏரியில், கோடையில் மிதக்கும் பனிக்கட்டிகளுக்கு இடையே படகு ஓடுகிறது. அந்த ஏரி 1970-களுக்கு முன் இல்லவே இல்லை என்பதை மகளிடம் சொல்லுங்கள், அவளுடைய புவியியல் பாடத்திற்கு ஆகும். படகுத்துறைக்குக் கொஞ்ச தூரம் நடக்க வேண்டும் என்பதால், அம்மாவின் முழங்கால் நிலையைச் சொல்லி முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.


தேக்கா அக்கா:

இன்னும் ஒன்று, தம்பி. அம்மா பையில் என்னென்ன வைக்கிறார் என்று கிளம்பும் முன் பாருங்கள். நியூசிலாந்து விமான நிலையத்தில் உணவுப் பொருளை அறிவிக்காமல் கொண்டுபோனால் அந்த இடத்திலேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம். தேன், பழம் எல்லாம் வேண்டாம். இட்லிப்பொடியும் ஊறுகாயும் எடுத்துப்போனால் படிவத்தில் எழுதிவிடுங்கள், எழுதினால் அபராதம் இல்லை. காட்டில் நடந்த காலணி இருந்தால் அதையும் அறிவிக்க வேண்டும். அடிப்பக்கத்தில் மண் ஒட்டியிருக்கிறதா என்று திருப்பிப் பார்ப்பார்கள். புக்கிட் தீமா குன்றில் நடந்து பழகிவிட்டுப் போகிறீர்கள் என்றால் வீட்டிலேயே பல் துலக்கும் தூரிகையால் தேய்த்துக் கழுவிவிடுங்கள்.


அங் மோ கியோ அப்பா:

ஃபிரான்ஸ் ஜோசப்பில் மூன்று இரவுக்கு அறை போட்டாயிற்று. முதல் நாள் காலை முதல் சுற்றில் மகளுக்கும் மனைவிக்கும் நடை, அதே காலையில் அம்மாவுக்கும் எனக்கும் பனிமேட்டுச் சுற்று. நான் நடக்காததில் மகளுக்குக் கொஞ்சம் வருத்தம், மனைவிக்கு ஏனோ சந்தோஷம். நேற்று இரவிலிருந்து அவர்கள் இருவரும் மின்தூக்கியைத் தொடாமல் எட்டு மாடியும் படியேறுகிறார்கள். இறங்கும்போது பாதத்தை அப்பிவைத்து நடக்கிறேன் என்று மகள் போடும் சத்தத்துக்கு ஐந்தாம் மாடிக்காரர் கதவைத் திறந்து பார்த்துவிட்டார்.