பென்டாப்பிரிசத்தில் ரசம் போய்விட்டது: மறுபடி பூசலாமா, மாற்றத்தான் வேண்டுமா?

பழையசுருள் கேட்டது:
அப்பாவிடமிருந்து எனக்கு வந்த, எழுபதுகளில் ஜப்பானில் தயாரான எஸ்.எல்.ஆர். (லென்ஸ் வழியாகவே காட்சியைப் பார்க்கும்) கேமராவின் வியூஃபைண்டரில் குறுக்கே ஒரு பழுப்புப் பட்டையும் அதைச் சுற்றிப் புள்ளிகளும் தெரிகின்றன. லென்ஸைக் கழற்றி, கண்ணாடியிலும் ஃபோகஸ் திரையிலும் இருந்த தூசியை ஊதி எடுத்த பிறகும் அவை அப்படியே இருக்கின்றன. பழுதுபார்ப்பவர் ஒருவர், பென்டாப்பிரிசத்தின் (ஃபோகஸ் திரையில் விழும் பிம்பத்தைத் திருப்பிக் கண்ணுக்கு அனுப்பும் கண்ணாடிக் கட்டி) ரசம் போய்விட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். சில்வர் நைட்ரேட் வாங்கி வீட்டிலேயே ரசம் பூச முடியுமா? இந்தக் கறை படத்தில் விழுமா?

இருட்டறை எழுதியது:
படத்தில் விழாது. ஷட்டர் திறக்கும் முன்பே லென்ஸுக்குப் பின்னால் சாய்ந்திருக்கும் கண்ணாடி மேலே எழுந்துவிடுவதால், ஃபிலிமுக்குப் போகும் ஒளி பிரிசத்தைத் தொடுவதே இல்லை. ஆனால் ஒளிமானியின் செல்கள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். ஒலிம்பஸ் ஓஎம்-1 போன்றவற்றில் அவை கண் வைத்துப் பார்க்கும் துளையின் இரு பக்கமும் அமைந்து, பிரிசத்தின் வழியாகவே திரையைப் பார்க்கின்றன. ரசம் பெருமளவு போயிருந்தால் மானி வெளிச்சத்தைக் குறைத்துக் காட்டும், அதை நம்பி எடுத்த படம் வெளுத்துப்போகும். நெகட்டிவ் ஃபிலிம் அதை ஓரளவு பொறுத்துக்கொள்ளும், ஸ்லைடு பொறுக்காது.

மாடலை நீங்கள் சொல்லவில்லை. 1972இல் எம்-1 என்று வெளியாகி, லைக்கா ஆட்சேபித்ததால் ஓஎம்-1 ஆன கேமராவில் இந்தக் கோளாறு பலரும் அறிந்ததே: பிரிசத்தை ஒட்டி வைத்த ஃபோம் காலப்போக்கில் தார்போல இளகி, கறுப்பு பெயின்ட்டையும் அதன் அடியில் இருக்கும் வெள்ளியையும் அரித்துவிடுகிறது. பிரிசத்தின் முன்முகத்தில் ஒளி ஏறத்தாழ 22.5 பாகையில்தான் விழுகிறது. வெறும் கண்ணாடியே முழுவதையும் திருப்பி அனுப்ப அது 41 பாகைக்கு மேல் இருக்க வேண்டும். அதனால்தான் ரசம் போன இடத்தில் ஒளி வெளியே தப்பிவிட, நமக்குக் கறை தெரிகிறது.

வெள்ளிமீன் எழுதியது:
பூச முடியும், ஆனால் வீட்டில் வேண்டாம் என்பேன். சில்வர் நைட்ரேட்டுடன் அம்மோனியா சேர்த்து, குளுக்கோஸால் வெள்ளியைப் படியவைக்கும் முறை பள்ளி ஆய்வகத்தில் சோதனைக்குழாயில் பார்த்ததுதான். ஆனால் மீந்த கரைசலை எடுத்து வைத்தால் வெடிக்கக்கூடிய படிவு அதில் உண்டாகும். அதோடு, பழைய பூச்சை அந்த முகம் முழுவதும் நீக்கினால்தான் புதியது சீராக ஒட்டும். வெற்றிடக் கலத்தில் அலுமினியம் பூசிக்கொள்ளலாம். ஆனால் ஒளி பிரிசத்துக்குள் மூன்று முறை திரும்புகிறது, ஒவ்வொரு திருப்பத்துக்கும் பத்தில் ஒரு பங்கு போனால் கடைசியில் சுமார் 73 சதவீதம்தான் கண்ணுக்கு வரும்.

ஆகவே மாற்றுவதே நல்லது. ஓஎம்-1 ஆக இருந்தால், உதிரிக்கென்று விற்கும் ஓஎம்-10 உடலிலிருந்து பிரிசத்தை எடுத்துப் பொருத்துவது பழுதுபார்ப்பவர்களிடையே வழக்கம்.

எதைச் செய்தாலும் முதலில் அந்த ஃபோமை அகற்றுங்கள், அது இருக்கும்வரை அரிப்பு நிற்காது. நான் முதன்முதலில் ஒரு பிரிசத்தைத் துணியால் துடைத்தபோது, நன்றாக இருந்த வெள்ளியும் மீன் செதில்போலத் துணியோடு வந்துவிட்டது. மரப் பல்குச்சியால் மெல்ல நெம்பி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்துப் பிழிந்த பஞ்சுக்குச்சியால் ஒற்றி மட்டும் எடுங்கள். ஃபோகஸ் திரை பிளாஸ்டிக் என்பதால் அதில் ஒரு சொட்டுகூடப் படக்கூடாது. மேல்மூடியைத் தூக்கும் முன் கம்பிகள் எப்படிப் போகின்றன என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பழையசுருள் எழுதியது:
இருவருக்கும் நன்றி. ஓஎம்-1 தான், சொல்ல மறந்துவிட்டேன். நேற்று இரவு மேல்மூடியைக் கழற்றினேன். ஃபோம் விரலில் மைபோல ஒட்டியது, சோப்புப் போட்டும் போகவில்லை. அரித்த இடம் சுண்டுவிரல் நகத்தின் அகலம்கூட இல்லை. ஃபோமை எடுத்துவிட்டு, கையில் பிடிக்கும் ஒளிமானியோடு ஒப்பிட்டேன், அரை ஸ்டாப்புக்கு (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரட்டிப்பு அல்லது பாதி) மேல் வித்தியாசம் இல்லை. வேறு பிரிசம் கிடைக்கும்வரை பட்டையோடே படம் எடுக்கப் போகிறேன்.