மன்னிப்புக்குப் பிறகும் மீதி இருப்பவை

நோயாளிகளையும் தனியாக இருப்பவர்களையும் போய்ப் பார்த்து ஜெபிக்கிற ஊழியத்தில் ரொம்ப காலமாக இருக்கிறேன். "நான் பாவமே செய்யவில்லை" என்று சாதிப்பவர்களைப் பார்ப்பது அபூர்வம். அழுது அறிக்கையிட்ட பிறகும் "தேவன் என்னை மன்னிக்கவில்லை பிரதர்" என்று சொல்பவர்கள்தான் அதிகம். ஏன் என்று கேட்டால், பாவத்தின் விளைவு இன்னும் தன்னை விட்டுப் போகவில்லை என்பார்கள்.

அப்படி ஒருவர், என்னைவிட வயதில் மூத்தவர். மகளின் படிப்புக்கு வைத்திருந்த பணத்தைச் சூதாட்டத்தில் விட்டவர். மனைவியும் மகளும் பிரிந்து போய்விட்டார்கள். அதற்குப் பிறகு மனந்திரும்பினார். அது உண்மையான மனந்திரும்புதல் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் போகும்போதெல்லாம் அதே பாவத்தை முதலிலிருந்து அறிக்கையிடுவார். அவருடைய வேதாகமத்தில், தாவீது ராஜா மன்னிப்புக் கேட்டுப் பாடிய 51-ஆம் சங்கீதம் இருக்கும் பக்கத்தின் ஓரம் மட்டும் விரல் பட்டுப் பட்டுக் கறுத்துப் போயிருந்தது. ஒருநாள் கேட்டார்: "தாவீதை மன்னிச்சவர் என்னையும் மன்னிச்சிருந்தா, என் பொண்ணு ஒரு தடவையாவது போனை எடுத்திருப்பா இல்லையா?"

அந்தச் சங்கீதம் பிறந்த சம்பவத்தைத் திறந்து கொடுத்தேன், 2 சாமுவேல் 12. உரியாவின் மனைவியோடு பாவம் செய்து, உரியாவையும் சாகவைத்த தாவீதை நாத்தான் தீர்க்கதரிசி வந்து கண்டிக்கிற இடம் அது. "நான் கர்த்தருக்கு விரோதமாய்ப் பாவஞ்செய்தேன்" என்று தாவீது சொல்கிறான். அதே 13-ஆம் வசனத்திலேயே, கர்த்தர் உமது பாவம் நீங்கச்செய்தார் என்கிறார் நாத்தான். நடுவில் உபவாசம் இல்லை, பலி இல்லை, காத்திருப்பும் இல்லை. ஆனால் அடுத்த வசனத்திலேயே அந்தப் பாவத்தில் பிறந்த பிள்ளை சாகும் என்ற செய்தியும் வருகிறது. பட்டயம் உன் வீட்டை விட்டு விலகாது என்று அதற்கு முன்பே சொல்லியாகிவிட்டது. தகப்பனுக்கு எதிராகவே எழும்பி மடிந்த மகன் அப்சலோம் வரைக்கும் அது தொடர்ந்தது. அந்த 14-ஆம் வசனத்தை இன்றைக்கும் என்னால் லேசாகப் படித்துவிட்டுப் போக முடியாது. அவர் விரலை வைத்து இரண்டு வசனங்களையும் மாறி மாறிப் படித்தார். "அப்போ மன்னிப்பு வேற, இது வேறயா?" என்றார். ஆமாம் என்றேன்.

இதையே தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, கஷ்டம் வந்தால் தண்டனைதான் என்று முடிவு கட்டுபவர்களும் இருக்கிறார்கள். பெற்றோர் பேச்சைக் கேட்காமல் திருமணம் செய்துகொண்ட ஒரு தங்கைக்குப் பிறந்த குழந்தைக்கு இருதயத்தில் கோளாறு. ஆஸ்பத்திரிக்கே வந்து "கீழ்ப்படியாமையின் பலன்" என்று சொல்லிவிட்டுப் போனார் ஓர் உறவினர். இன்னும் அந்தக் கோபம் எனக்கு ஆறவில்லை. பிறவிக் குருடனைக் காட்டி, இது யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, இவனும் இல்லை, இவனைப் பெற்றவர்களும் இல்லை என்றார் இயேசு (யோவான் 9). தாவீதிடம் தேவன் அனுப்பிய தீர்க்கதரிசி வந்து சொன்னார். இவர்களை யார் அனுப்பினார்கள்?

அந்தப் பெரியவரின் மனைவியையும் சிலர் போய்ப் பார்த்திருக்கிறார்கள். "தேவனே மன்னித்துவிட்டார், நீ யாரம்மா மன்னிக்காமல் இருக்க?" என்று கேட்டார்களாம். எனக்கு இது சரியாகப் படவில்லை. ஏழெழுபது தரம் மன்னிக்கச் சொன்னவர் இயேசுதான், மறுக்கவில்லை. ஆனால் மனதார மன்னிப்பதும், மறுபடி அதே வீட்டில் வந்து வாழ்வதும் ஒன்றல்ல. வரி வசூலிப்பவனான சகேயுவின் வீட்டுக்கு இயேசு தாமாகவே போனார். ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கியதற்கு நாலு மடங்கு என்று சகேயுதான் எழுந்து நின்று சொன்னான். ஏமாந்தவர்களைக் கூப்பிட்டு, நீங்கள் எல்லாரும் இவனை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று இயேசு கட்டளையிட்டதாக லூக்கா தம் சுவிசேஷத்தில் எழுதவில்லை.

இதையும் அவரோடு பேசினேன். கொஞ்ச நாளில், மாதம் ஒரு தொகையை மகளின் கணக்குக்கு அனுப்ப ஆரம்பித்தார். கூடவே நாலு வரி எழுதலாமே என்று கேட்டதற்கு, "வேண்டாம் பிரதர். மன்னிப்புக்காக அனுப்பல, அது அவ பணம்" என்றார். மகள் இன்னும் போனை எடுக்கவில்லை. இப்போதெல்லாம் ஜெபிக்கும்போது பழைய பாவத்தை முதலிலிருந்து ஆரம்பிக்காமல், நேராக மகளுக்காகத்தான் ஜெபிக்கிறார்.