குழாய்க்கிணற்றுத் தண்ணீரில் முழுகுபவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம் அக்காமார், வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடிக்கு வந்து நாலு மாதம். குளிக்கக் குழாய்க்கிணற்றுத் தண்ணீர்தான். ஷாம்பு நுரைக்காது, முழுகிக் காய்ந்த பிறகும் முடி தும்புக்கட்டு மாதிரி. கேத்தலின் அடியில் படிகிற அதே வெள்ளைச் சுண்ணாம்பு தலையிலும் படிகிறது போல.

ஊரிலும் சுண்ணாம்புக் கிணறுதான், ஆனால் அம்மா சீயாக்காயும் தேசிக்காயும் அவித்து முழுக வார்ப்பா. இங்கே அதற்கு நேரம் ஏது?

இப்போது கடைசி அலசலுக்கு மட்டும் ஒரு வாளி ஆற வைத்த கொதிநீர். கொஞ்சம் பரவாயில்லை. ஷவரில் பூட்டும் ஃபில்டர் குளோரினைக் குறைக்குமாம், கல்சியத்தைப் பெரிதாக எடுக்காதாம். சரியா? வினாகிரி கலந்து அலசியவர்கள் எவ்வளவு விட்டீர்கள்? மழைத்தண்ணீர் பிடிக்க மொட்டைமாடிச் சாவி வாட்சரிடம், அவர் தரமாட்டார்.