அந்தமானில் நான் கவிழ்க்கப் போன டின்

ராயபுரத்துக்காரர்:
தண்ணீர் தேங்கிய எதைக் கண்டாலும் கவிழ்த்துவிடுவது எங்கள் பக்கத்துப் பழக்கம். கொட்டாங்குச்சி, பழைய டயர், உடைந்த குடம் எதுவும் தப்பாது. கொசு ஒழிப்புப் பணியாளர் வருவதற்குள் நாங்களே கொட்டிவிடுவோம். அந்தக் கையோடுதான் அந்தமானில் அக்கா வீட்டுக்குப் போனேன். (துறைமுகத்தில் கப்பலேறி மூன்று நாள் பயணம். என் வயிறு பட்ட பாட்டை விடுங்கள்.)

மாமாவுக்குக் காட்டை ஒட்டிய நாற்றங்காலில் வேலை. மழை விட்ட மாலையில் அங்கே மரத்தடியில், பாதி நீரோடு ஒரு பெயிண்ட் டின். காலால் தள்ளப் போனேன். "தொடாதே தம்பி!" என்று அவர் போட்ட சத்தத்தில் நானே விழுந்திருப்பேன். டார்ச் அடித்துக் காட்டினார். நீர்மட்டத்துக்கு மேலே, உட்சுவரில், வெந்த ஜவ்வரிசிபோல் முட்டைகள் ஒட்டியிருந்தன. பக்கத்தில் பழுப்பாக ஒரு சின்னத் தவளை.

சார்லஸ் டார்வின் தவளை என்று பெயர். 1998இல்தான் அறிவியல் உலகுக்கு அறிமுகமானது. அந்தமான் தீவுகளைத் தவிர வேறெங்கும் கிடையாது. மழைநீர் நிற்கும் மரப்பொந்துதான் இதற்குப் பிரசவ அறை. பொந்துள்ள மரங்கள் குறைந்த இடங்களில் நாற்றுப் பை, வீசியெறிந்த டப்பா என்று இறங்கிவிடுகிறது.

தண்டையார்பேட்டை வாசகி:
முட்டை நீருக்கு மேலே என்றால், எப்படி இட்டது? சுவரேறியா?

ராயபுரத்துக்காரர்:
நானும் அதைத்தான் கேட்டேன், அக்கா. ஜோடி தலைகீழாகத் தொங்கியபடி இடுகிறது, உடல் நீருக்கு வெளியே. பொரிந்ததும் தலைப்பிரட்டைகள் கீழே நீரில் விழும். டில்லிப் பல்கலைக்கழகத்தின் எஸ்.டி. பிஜு குழுவினர் 2024இல் இதை விரிவாக எழுதினார்கள். அவர்கள் ஊகிக்கும் காரணம் சண்டை. ஜோடி கிடைக்காத ஆண்கள் நடுவே நுழைந்து உதைக்கும், கடிக்கும். தலைகீழாக இருந்தால் இடையில் புகுவது கடினமாம். எங்கள் தெருக் குழாயடிதான் நினைவுக்கு வந்தது. டப்பாவில் முட்டையிடுவதை மட்டும் கவலையோடு குறிப்பிட்டிருக்கிறார்கள்.

காசிமேட்டுக்காரர்:
2019இல் அந்தமானின் மவுண்ட் ஹேரியட் மலைக்குப் போனேன். வழிகாட்டி ஒரு மரப்பொந்தைக் காட்டினார். எட்டிப் பார்த்தால் சருகும் கறுத்த நீரும்தான். நீங்கள் டின்னிலேயே பார்த்துவிட்டீர்கள், பொறாமையாக இருக்கிறது. அது இன்னும் அங்கேயே இருக்கிறதா?

ராயபுரத்துக்காரர்:
இருக்கிறது. வீட்டுக்குச் சாயம் அடித்த டின் எங்கே போனது என்று அக்காதான் தேடிக்கொண்டிருக்கிறாள். மாமா வாய் திறக்கவில்லை.