புது சிஸ்டத்துல பாதி போட்டோ காணோம், இன்டிசைன்ல லிங்க் மிஸ்ஸிங், அவசரம்!

பிரஸ்காரன்:
வணக்கம் நண்பர்களே, ஆஃப்செட் பிரஸ்ல டிடிபி வேலை, அதாவது இன்டிசைன் சாஃப்ட்வேர்ல பக்கம் வடிவமைக்கற வேலை பாக்குறேன். பழைய சிஸ்டத்துக்கு விண்டோஸ் 11 ஏறாதுன்னு ஓனர் புதுசு வாங்கிட்டாரு, சர்வீஸ் பையன் வந்து அவரோட மெயில் ஐடிய போட்டு லாகின் பண்ணி "எல்லாம் வந்துரும்ணே"ன்னு சொல்லிட்டுப் போயிட்டான். கோயில் கும்பாபிஷேக மலர் ஓடிட்டு இருக்கு, ஃபைலைத் திறந்தா பாதி போட்டோ மேல சிவப்புல கேள்விக்குறி. டெஸ்க்டாப் ஃபோல்டர்ல போய்ப் பாத்தா சில போட்டோ இல்லவே இல்ல, இருக்கறதுல சிலதுல மேகம் மாதிரி ஒரு படம், நெட் கட்டானா அது திறக்க மாட்டேங்குது. இதுல ஸ்டோரேஜ் ஃபுல்லுன்னு மெசேஜ் வேற. ஹார்ட் டிஸ்க் காலியா கிடக்கு, எதுங்க ஃபுல்லு? நாளைக்கு அச்சுக்கு பிளேட் போகணும்.

ஊர்சுத்தி:
லினக்ஸ் போடுங்க ப்ரோ, நிம்மதி.

பிரஸ்காரன்:
இன்டிசைன அதுல ஓட்டிக் காட்டுங்க ப்ரோ, இன்னிக்கே மாறிடறேன்.

நெட்வொர்க் அண்ணாச்சி:
தம்பி, முதல்ல பழைய சிஸ்டத்தை ஃபார்மட் பண்ணாம பாத்துக்கோங்க. ஃபுல்லானது ஒன்டிரைவ், அதாவது நெட்ல இருக்கற மைக்ரோசாஃப்ட் ஸ்டோரேஜ், இலவசக் கணக்குக்கு 5 ஜிபி தான். பேக்கப் ஆன்ல இருந்தா டெஸ்க்டாப்பே ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள்ள போயிரும், பாக்க அதே மாதிரி தான் இருக்கும். அந்த 5 ஜிபி வரைக்கும் ஏறுனது புதுசுல தெரியுது, ஏறாதது பழைய டிஸ்க்லயே நிக்கும். பையன் காப்பியே பண்ணல, லாகின் மட்டும் தான் பண்ணியிருக்கான்.

பிரஸ்காரன்:
ஐயோ, எக்ஸ்சேஞ்சுல குடுக்க எடுத்து வச்சிருந்தாரு! நல்லவேளை இன்னும் கடைல தான் இருக்கு. இப்ப என்ன பண்ணட்டும் அண்ணாச்சி?

நெட்வொர்க் அண்ணாச்சி:
மேகம் இருக்கற ஃபோல்டர்ல ரைட் க்ளிக் பண்ணி, எப்பவும் இந்த சிஸ்டத்துலயே வைன்னு வர்ற ஆப்ஷனைக் குடுங்க, பச்சை வட்டத்துல வெள்ளை டிக் வர்ற வரைக்கும் காத்திருக்கணும். டிக் வந்ததும் மொத்தத்தையும் டி டிரைவுக்கு காப்பி பண்ணுங்க. மிச்சத்தைப் பழைய சிஸ்டத்துல இருந்து பென்டிரைவ்ல. அதுக்கப்புறம் தான் ஒன்டிரைவ் செட்டிங்ஸ்ல பேக்கப்பை ஆஃப் பண்ணணும், அவசரப்பட்டு முதல்லயே ஆஃப் பண்ணா டெஸ்க்டாப் வெறிச்சுன்னு ஆகி இன்னும் பயந்துருவீங்க. இடம் பண்றேன்னு போன்ல இருந்து எதையும் டெலிட் பண்ணாதீங்க, இங்கயும் போயிரும். ரீசைக்கிள் பின்ல 30 நாள் இருக்கும், அதை நம்பி விளையாட வேண்டாம்.

மார்ஜின் மணி:
ஒண்ணு விட்டுட்டீங்க. மெயில் ஐடியோட செட்டப் பண்ணா யூசர் ஃபோல்டருக்கு அந்த மெயிலோட முதல் அஞ்சு எழுத்தைத் தான் பேரா வைக்கும். பழைய சிஸ்டத்துல பேரு வேறயா இருந்திருந்தா போட்டோ இருக்கற பாதையே மாறிருக்கும், இன்டிசைன் பழைய பாதைலயே தேடும், போட்டோ எல்லாம் வந்தாலும் கேள்விக்குறி போகாது. லிங்க்ஸ் பேனல்ல மிஸ்ஸிங்கை எல்லாம் செலக்ட் பண்ணி, மெனுல ரீலிங்க் டு ஃபோல்டர் குடுத்து டி டிரைவ் ஃபோல்டரைக் காட்டுங்க, ஒரே தடவைல புடிச்சுக்கும், ஒவ்வொண்ணா உக்காந்து மாத்தாதீங்க. இனிமே வேலை ஃபைல் எதையும் டெஸ்க்டாப்ல வைக்காதீங்க சார்.

பிரஸ்காரன்:
ஆமாங்க, பழசுல ஓனர் பேரு, இதுல ஏதோ பாதி மெயில் பேரு நிக்குது! ரீலிங்க் குடுத்ததும் எல்லாம் ஏறிடுச்சு, கோபுரம் படம் ஒண்ணு தான் வரல, அது பழையதுல வேற ஃபோல்டர்ல கிடந்துச்சு, அதையும் எடுத்தாச்சு. ரொம்ப நன்றி அண்ணாச்சி, மணி சார். நைட்டு ஃபைல் எக்ஸ்போர்ட் ஆகும்போது அப்டேட்டுன்னு ரீஸ்டார்ட் ஆகாம இருக்க ஏதாச்சும் வழி இருக்கா?

நெட்வொர்க் அண்ணாச்சி:
அப்டேட் செட்டிங்ஸ்ல ஆக்டிவ் ஹவர்ஸ் இருக்கு, அந்த நேரத்துல அப்டேட்டுக்காக தானா ரீஸ்டார்ட் ஆகாது, அதிகபட்சம் 18 மணி நேரம் வைக்கலாம். இந்த வாரத்துக்கு அப்டேட்டை நிறுத்தி வைக்கற பாஸ் (Pause) பட்டனை அமுக்கிட்டு மலரை முடிங்க தம்பி.