ராட் செர்லிங் மாயக்கதைக்கு மாறியது வெற்றியா, விட்டுக்கொடுத்ததா?

வாசன்:
அமெரிக்கத் தொலைக்காட்சி எழுத்தாளர், தயாரிப்பாளர் ராட் செர்லிங் பற்றிப் பேச்சு வந்தாலே ஒரே பாராட்டுதான். பேய், வேற்றுக்கிரகவாசி என்று கதை சொல்லி, ஸ்பான்சர்களின் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு சமூகப் பிரச்சினையைப் பேசியவர் என்பார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. அவர் தோற்றுப்போய்த்தான் மாயக்கதைக்கு வந்தார்.

1955இல் மிசிசிப்பியில் எம்மெட் டில் என்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுவனைக் கடத்திக் கொன்றார்கள். வெள்ளையர்கள் மட்டுமே இருந்த ஜூரி, குற்றம் சாட்டப்பட்ட இருவரையும் விடுவித்தது. அந்தக் கொடுமையை மனதில் வைத்து செர்லிங் 'நூன் ஆன் டூம்ஸ்டே' எழுதினார். நிகழ்ச்சிக்குப் பணம் கொடுத்தது யு.எஸ். ஸ்டீல் என்ற எஃகு நிறுவனம். தெற்கிலிருந்து மிரட்டல் கடிதங்கள் குவிந்தன. 1956 ஏப்ரலில் நாடகம் ஒளிபரப்பானபோது கொல்லப்படுபவன் ஊர் பேர் தெரியாத வெளிநாட்டவன், கதை நடக்கும் இடம் நியூ இங்கிலாந்து. கோக் பாட்டில் தெற்கை நினைவூட்டும் என்று அதைக்கூட செட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். 1958இல் 'எ டவுன் ஹாஸ் டர்ன்ட் டு டஸ்ட்' நாடகத்தில் மறுபடி முயன்றார். அதையும் 1870களுக்குத் தள்ளி, கொல்லப்படுபவனை மெக்சிகனாக்கினார்கள்.

அடுத்த ஆண்டு அவருடைய மாயக்கதைத் தொடர் 'தி ட்வைலைட் ஸோன்' தொடங்கச் சில நாட்களே இருக்கும்போது தொலைக்காட்சிப் பத்திரிகையாளர் மைக் வாலஸ் அவரைப் பேட்டி எடுத்தார். நடப்புச் சமூகப் பிரச்சினைகளை நாடகமாக்கும் முயற்சியைக் கைவிட்டதாக செர்லிங் அவர் வாயாலேயே ஒப்புக்கொண்டார்.

தேன்மொழி:
பேட்டியில் சொன்னதை விடுங்கள், வாசன். அதற்குப் பிறகு என்ன எழுதினார் என்று பாருங்கள்.

அந்தத் தொடரில் 1960 மார்ச்சில் வந்த மேப்பிள் தெரு எபிசோடில் ஒரு தெருவில் மின்சாரம் போகிறது. யாரோ ஒருவர் வீட்டில் மட்டும் கார் தானாக ஸ்டார்ட் ஆகிறது. அவ்வளவுதான், பத்து வருஷம் பக்கத்து வீட்டில் இருந்தவன் எதிரியாகிவிடுகிறான். இரவு முடிவதற்குள் துப்பாக்கி வெடிக்கிறது. யாரைப் பார்த்தாலும் கம்யூனிஸ்ட் என்று சந்தேகித்த மெக்கார்த்தி காலத்து நோயை இதைவிடத் தெளிவாக யார் காட்டினார்கள்? அடுத்த மாதமே ஒரு குத்துச்சண்டைக் கதை. அதில் முக்கிய வேடங்கள் எல்லாம் கறுப்பின நடிகர்களுக்கு. அன்றைய தொலைக்காட்சியில் அது எவ்வளவு அபூர்வம் தெரியுமா? 1961இல், ஜெருசலேமில் நாஜி அதிகாரி ஐக்மன் மீதான வழக்கு நடந்த அதே ஆண்டில், பழைய நாஜி அதிகாரி ஒருவனை டாக்காவ் வதைமுகாமுக்குத் திரும்பக் கூட்டிவந்து நிறுத்தினார்.

பாம்பும் சாக வேண்டும், தடியும் உடையக் கூடாது. இன்னொன்றும் இருக்கிறது. கயூகா புரொடக்‌ஷன்ஸ் அவருடைய சொந்த நிறுவனம். ஐந்து ஆண்டுகளில் 156 எபிசோடுகள், அதில் 92 அவர் எழுதியவை. எழுத்தாளராக மட்டும் இருந்தபோது ஒரு பாட்டிலைக்கூடக் காப்பாற்ற முடியாதவர், தயாரிப்பாளராக ஆன பிறகு தன் வசனத்தைக் காப்பாற்றினார்.

கடலூர் சிவா:
இருவருமே மாயக்கதையை அவர் போட்டுக்கொண்ட வேஷம் மாதிரி பேசுகிறீர்கள். இரண்டாம் உலகப்போரில் அவர் பாராசூட் படை வீரர். பிலிப்பைன்ஸின் லெய்ட்டே தீவில், விமானத்திலிருந்து போட்ட உணவுப் பெட்டி மேலே விழுந்து அவருடைய நண்பர் கண்ணெதிரே செத்தார். சோறு கொண்டுவந்த பெட்டி ஆளைக் கொல்வதைப் பார்த்தவருக்கு விசித்திரக் கதை ஒளிந்துகொள்ளும் இடமாகவா இருந்திருக்கும்? காலத்தில் பின்னோக்கிப் போய் பேர்ல் ஹார்பரில் முடியும் அவருடைய 'தி டைம் எலிமென்ட்' நாடகம், 'தி ட்வைலைட் ஸோன்' வருவதற்கு முன்பே, 1958இலேயே ஒளிபரப்பாகிவிட்டது.

வாசன்:
சிவா, அது அவருடைய இயல்பாகவே இருக்கட்டும். என் கேள்வி பார்வையாளரைப் பற்றியது. அலபாமாவில் ஒரு வெள்ளைக்காரர் மேப்பிள் தெருக் கதையைப் பார்க்கிறார். "ஆமாம், இந்தக் கம்யூனிஸ்ட் பயத்தில் ஜனங்கள் இப்படித்தான் ஆடுகிறார்கள்" என்று சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகலாம். தன் ஊரில் நடக்கும் கொலை அதில் இருப்பதாக அவருக்குத் தோன்றவே தோன்றாது. தேன்மொழி சொல்லும் தடி உடையவில்லை, சரி. பாம்பு செத்ததா?

தேன்மொழி:
1964 மார்ச்சில் வந்த 'ஐ ஆம் தி நைட், கலர் மி பிளாக்' எபிசோடைப் பாருங்கள். தூக்குத் தண்டனை நாளன்று ஒரு சிற்றூரில் பொழுது விடியவில்லை. அங்கே மண்டிக்கிடக்கும் வெறுப்புதான் இருட்டாகிவிட்டது. கடைசியில் ரேடியோ செய்தி வருகிறது. வேறு எங்கெல்லாம் இருள் சூழ்ந்திருக்கிறது என்ற பட்டியல் அது: பெர்லின் சுவர், கென்னடி சுடப்பட்ட டல்லாஸில் ஒரு தெரு, அலபாமாவின் பர்மிங்ஹாம். பர்மிங்ஹாம் தேவாலயத்தில் வெடித்த குண்டுக்கு நான்கு சிறுமிகள் பலியாகி ஏழு மாதம்கூட ஆகவில்லை. உங்கள் அலபாமாக்காரர் அன்று என்ன சொல்லிக்கொண்டு தூங்கியிருப்பார்?

பழைய வானொலி:
தயாரிப்பாளர் அதிகாரம் என்றீர்களே அம்மா, அதை அவர் கடைசிவரை வைத்திருக்கவில்லை. தொடரில் தமக்கு இருந்த பங்கை, அதை ஒளிபரப்பிய சிபிஎஸ் நெட்வொர்க்குக்கே விற்றுவிட்டார். அதற்குப் பிறகு மறுஒளிபரப்பில் வந்த பணமெல்லாம் அவர்களுக்குத்தான். 1970இல் தொடங்கிய 'நைட் கேலரி' என்ற இன்னொரு தொடரில் முகமும் குரலும் அவருடையவை, எதை எடுப்பது என்று முடிவு செய்தது வேறொருவர். அந்தக் குரலை பீர் விளம்பரத்துக்கும் கொடுத்தார். ஸ்பான்சர்களோடு அவ்வளவு போராடிய மனிதர் அதைச் செய்ததைப் பார்த்தால் எனக்கு இன்றும் மனசு வலிக்கிறது. இதாகா கல்லூரியில் மாணவர்களுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர், 1975 ஜூனில் இதய அறுவை சிகிச்சைக்குப் பிறகு இறந்தார். வயது 50தான்.

வாசன்:
பர்மிங்ஹாம் எனக்கு நினைவில் இல்லை. நேற்றிரவு அந்த எபிசோடை மறுபடி பார்த்தேன். தேன்மொழி சொன்னது சரி. அந்த இடத்தில் அவர் ஒளியவில்லை, ஊர் பெயரைச் சொல்லிவிட்டார்.

ஆனாலும் ஒரு விஷயம் என்னை விட மாட்டேன் என்கிறது. எம்மெட் டில்லின் அம்மா சிகாகோவில் மகனின் சவப்பெட்டியை மூடவிடவில்லை. சிதைந்துபோன அந்த முகத்தை எல்லோரும் பார்க்கட்டும் என்றார். ஆயிரக்கணக்கானவர்கள் வரிசையில் நின்று பார்த்தார்கள். நாட்டை உலுக்கியது அந்த முகம். பெற்ற தாய் துணிந்து காட்டியதை, தொலைக்காட்சி எட்டே மாதத்தில் வெளிநாட்டவன் முகமாக மாற்றியது. அதற்குப் பிறகு செர்லிங் எழுதியது எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த முகம் அதில் இல்லையே.

தேன்மொழி:
இல்லைதான். அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் வாசன், சவப்பெட்டிப் படத்தை அச்சிட்டது 'ஜெட்'. கறுப்பினத்தவர் சொந்தமாக நடத்திய பத்திரிகை. செர்லிங்குக்கு அப்படி ஓர் இடம் எங்கே இருந்தது? நாடு முழுக்கப் போய்ச்சேர அன்று மூன்று நெட்வொர்க்குகள்தான். மூன்றும் விளம்பரப் பணத்தில் ஓடியவை.